வாய் வைக்காத முனவ்வறா

தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்ததும், முனவ்வறா புது நூலை வைத்து, கொக்கிபோல் வளைத்த ஒரு குடைக்கம்பியை அதன் துளைக்குள் விடுகிறாள். நூல் நுனியைத் தேடிப் பிடித்து வெளியே இழுக்கிறாள். மருதமுனையில் மற்ற நெசவுப் பெண்கள் துளையில் வாயை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார்கள். நூல் உதட்டுக்கு வந்துவிடும். முனவ்வறாவுக்கு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். ஆனாலும் இடையில் எழும்பாமல் நெய்வாள்; மாலையில் இடுப்பில் உடுத்தும் சாரன் துணியை அளந்தால் அவளுடையதுதான் ஒரு முழம் கூட நிற்கும்.

"வாயால உறிஞ்சினா கெதியா முடியும்தான். கொப்புளமும் கெதியா வரும்" என்பாள், தலை நிமிராமல்.

முன்பு ஒரு சூறாவளி அடித்து ஓய்ந்தபோது அவள் நெய்யும் கொட்டிலில் மிஞ்சியவை இரண்டே நாடாக்கள். முனவ்வறா உட்பட நான்கு பெண்கள் அவற்றை மாறி மாறி உறிஞ்சினார்கள். ஒருத்தியின் உதட்டில் இருந்த கொப்புளம் ஒரு மாதத்துக்குள் நால்வருக்கும் வந்தது. பல்லி மூத்திரம் பட்டதென்றது ஊர். எந்தப் பல்லி நாலு வீட்டுக்கும் கணக்காகப் போய்ப் பெய்யும் என்று முனவ்வறா மட்டும் யோசித்தாள். பஸ் ஏறிக் கல்முனைக்குப் போய், ஆஸ்பத்திரித் தாதி சிவக்கொழுந்து மிஸியைக் கேட்டாள்.

"ஒருக்கா வந்தா முழுசாப் போகாது, புள்ள. உள்ளுக்குள்ள படுத்துக் கிடக்கும். காய்ச்சல், வெயில், நித்திரைக் கேடு, எது வந்தாலும் எழும்பும். பெரியாக்களுக்கு இது சின்னப் புண். பிறந்த குழந்தைக்குப் பட்டா உயிருக்கே மோசம்."

அன்று தொடங்கியது இந்தக் கட்டுப்பாடு. அவளுடைய தேநீர்க் கோப்பையின் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். வேறு யாரும் தொடக்கூடாது. முகம் துடைக்கும் துவாயும் தனி. மத்தியான வெயிலில் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிடுவாள். கொப்புளம் வரும் முன் உதடு குறுகுறுக்கும்; அப்போதே பானைத் தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றுவாள். பொருக்கைக் கிள்ளமாட்டாள். திமிர்பிடித்தவள் என்று அவளுக்குப் பெயர். திமிர்தான், அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்து வருஷமாக அந்தக் கொட்டிலில் அவளிடமிருந்து யாருக்கும் கொப்புளம் தொற்றவில்லை.

உம்மா மௌத்தானபின் தங்கை சுல்பிகாவை வளர்த்தவள் முனவ்வறாதான். கலியாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு சென்ற மாதம் சுல்பிகாவுக்கு ஓர் ஆண் குழந்தை. பேரீச்சம்பழத்தை மென்று முதன்முதல் குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அது தன் ராத்தா முனவ்வறாதான் என்று சுல்பிகா என்றைக்கோ சொல்லிவைத்திருந்தாள். முனவ்வறாவும் மக்கத்துப் பழம் ஒன்றைப் போத்தலில் போட்டுக் காத்திருந்தாள்.

பழம் தொட்டு வைக்க வேண்டிய அன்று காலை அவளுடைய உதட்டின் இடது மூலை குறுகுறுத்தது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒன்பது வருஷ ஆசை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாளாம்.

பிறகு சுல்பிகாவின் அறைவாசலிலேயே நின்று சொன்னாள்: "எனக்கு உதட்டில புண் வரப் போகுது. நான் வாய் வைக்கமாட்டன்."

"ஒண்டும் காணல்லியே. ஆசையாக் கேட்ட புள்ளையிட மனச நோகடிக்கிறதா?" என்றாள் சுல்பிகாவுடைய மாப்பிள்ளையின் தமக்கை லைலா.

"மனசு நொந்தா ஆறும், மதினி."

சுல்பிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "பழத்தத் தாங்க ராத்தா, நானே மெல்லுறன். நீங்க கையக் கழுவிட்டு வாங்க. விரலயாவது குடுங்க அவனுக்கு."

முனவ்வறா சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவினாள். முக்காட்டால் வாயை மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, சுண்டுவிரலை மட்டும் தொட்டிலுக்குள் நீட்டினாள். குழந்தை அதை இறுகப் பிடித்துக்கொண்டது. கை மரத்துப் போகும்வரை அவள் திரும்பவேயில்லை.