அண்ணன் பதவி

ஞானம்மா என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் தையல் வேலை பார்க்கிறவள் அவள். கிழிந்த திரைச்சீலைக்கு ஒட்டுப் போடுவாள், டாக்டர் கோட்டில் அறுந்த பொத்தானைத் தைப்பாள். நாற்பதை நெருங்கிவிட்டாள், கல்யாணம் ஆகவில்லை. பிழைக்க வந்த இந்தத் தேசத்தில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பிறக்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு, ஞானஸ்நானத்தின்போது பிள்ளையை ஏந்தி நிற்கிற ஞானத்தாய் அவள்தான். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

சொந்த ஊராக இருந்தால் ஒரு ஞானஸ்நானத்துக்கு நான் நிற்கிறேன், நீ நிற்கிறாய் என்று சித்தியும் அத்தையும் முட்டிக்கொள்வார்கள். இங்கே ஆளுக்கு எங்கே போவது? நிற்கிறவர், ஞானஸ்நானத்துக்கு அடுத்த சடங்கான உறுதிபூசுதல் வாங்கியிருக்க வேண்டும், ஒழுங்காகப் பூசைக்கு வருகிறவராக இருக்க வேண்டும். ஒருத்திக்கு உறுதிபூசுதலே ஆகவில்லை. இன்னொருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்காது. கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது ஞானம்மாவின் முன்னால்தான். ஆண் பக்கத்தில் இதே கதி லிஃப்ட்காரருக்கு. லிஃப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக், அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவரும் தனிக்கட்டை. இரண்டு பேரும் சேர்ந்தே நின்று நின்று, பிள்ளைகள் அவர்களை ஞானம்மா, ஞானப்பா என்று கூப்பிடப் பழகிவிட்டன.

வேலை செய்யும் இடத்தில் அவள் படுகிற பாடு தனி. இங்கே ஞாயிறும் மற்ற நாளைப் போலத்தான், ஆகவே பூசைக்கு வர வேண்டுமானால் யாருடைய காலையாவது பிடித்து ஷிப்ட் மாற்ற வேண்டும். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு போய் உட்கார்ந்தாள். அடுத்த மெஷின்காரி நல்ல மனதோடு ஈரத்துணியை எடுத்துவந்து அதைத் துடைத்தே விட்டாள். மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்த்துவிட்டு, காலமான உன் வீட்டுக்காரரா என்று சூப்பர்வைசரம்மா இரக்கத்தோடு விசாரித்தாள். ஞானம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். இல்லாத வீட்டுக்காரருக்குத் துக்கம் விசாரித்தால் வேறு என்ன செய்வது?

சரி, அவர்கள் தெரியாமல் செய்கிறார்கள். நம் ஆட்கள் தெரிந்தே செய்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கோயில் என்று அவர்கள் சொல்வது நாற்காலிக் கடைக்கு மேலே இருக்கும் ஒரு வாடகை ஹால். வெளியே சிலுவை கிடையாது. கீழே வியாபாரம் கெடும் என்று பாட்டையும் அடக்கித்தான் பாட வேண்டும். தமிழ்ப் பூசை மாதம் ஒன்று. அது முடிவதற்குள் அடுத்த மொழிக்காரர்கள் மாடிப்படியில் வரிசைகட்டி நின்று தொண்டையைச் செருமுவார்கள். இந்த ஹாலுக்குச் சட்டம் சொல்கிறவர் உபதேசியார். உண்மையில் அவர் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். அறிவிப்பு வாசிப்பதும், யார் எங்கே உட்கார வேண்டும் என்று விரட்டுவதும் தானாக எடுத்துக்கொண்ட வேலை. யாராவது ஞானத்தகப்பனாக நிற்கக் கூப்பிட்டால் மட்டும், மனைவி ஊரில் இருக்கிறாள், தனியாக நின்றால் நன்றாக இருக்காது என்று நழுவிவிடுவார். அவரைவிடத் தனியாக இருக்கும் லிஃப்ட்காரர் நின்றால் ரொம்ப நன்றாக இருக்கும் போலிருக்கிறது.

போன வருஷம் ஒரு ஞானஸ்நானம் முடிந்து படியிறங்கும்போது, நாம் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டால் என்ன என்று லிஃப்ட்காரர் கேட்டார். ஞானம்மா யோசிக்கவே இல்லை, சரி என்றாள். அவரை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். மனிதர் நேரே போய் உபதேசியாரிடம் யோசனை கேட்டார். ஒரே பிள்ளைக்கு ஞானத்தாயும் ஞானத்தகப்பனுமாக நின்றவர்கள் அண்ணன் தங்கை முறை, கட்டக் கூடாது என்று அவர் ஒரு போடு போட்டார். அடுத்த மாதமே ஹால் முழுக்க, அண்ணன் வரலையா, தங்கச்சி எங்கே என்று ஆரம்பித்துவிட்டது. பூசை வைக்கிற சாமியாரிடம் கேட்டால் விழுந்து விழுந்து சிரித்தார். திருச்சபையில் அப்படி ஒரு தடையே இல்லை, உடனே பெயரைக் கொடுங்கள், ஓலை வாசித்துவிடுகிறேன் என்றார்.

அங்கேதான் லிஃப்ட்காரர் பின்வாங்கினார். கல்யாண ஓலையை மூன்று தடவை கோயிலில் வாசிப்பார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். உபதேசியார் எழுந்து நின்று மானத்தை வாங்கிவிட்டால்? அடுத்த மாசம் பார்க்கலாம், அடுத்த மாசம் பார்க்கலாம் என்றே வருஷத்தை ஓட்டினார். மாதம் ஒரு தமிழ்ப் பூசை, மூன்று ஓலைக்கு மூன்று மாதம். அவருடைய வேலை ஒப்பந்தமும் இன்னும் மூன்று மாதத்தில் முடியப்போகிறது. இந்த ஞாயிறு முதல் ஓலை வாசிக்காவிட்டால் அவர் தனியாக விமானம் ஏற வேண்டியதுதான்.

அந்த ஞாயிறும் வந்தது, கூடவே ஒரு ஞானஸ்நானமும். பிள்ளையின் தாய் ஞானம்மாவோடு வேலை பார்க்கும் பெண். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மாடிப்படியில் லிஃப்ட்காரர் புதுச் சட்டையும் கையில் ஞானத்தகப்பன் பிடிக்கிற மெழுகுவர்த்தியுமாக நின்றிருந்தார்.

"இன்னைக்குப் பேர் குடுக்கிறீங்களா இல்லையா?" என்று கேட்டாள் அவள்.

"குடுக்கலாம். ஆனா ஜனங்க என்ன சொல்லுவாங்க?"

"நடுவழியில நிக்கிற லிஃப்ட்டுக்குள்ள தனியா இறங்குவீங்க. இதுக்குப் பயமா? எனக்கு அலுத்துப்போச்சுங்க. இன்னைக்கு இல்லன்னா இனிமே என்கிட்ட இதப் பத்திப் பேசாதீங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேலே போய்விட்டாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பூசைக்கு நடுவில் சாமியார், ஞானப் பெற்றோர் முன்னே வரட்டும் என்றார். ஞானம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் நின்றாள். உபதேசியார் ஓரத்தில் நின்று, சீக்கிரம் சீக்கிரம் என்று கையை ஆட்டினார். பின்வரிசையில் யாரோ, அண்ணனும் தங்கச்சியும் ரெடி என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

லிஃப்ட்காரர் எழுந்து வந்தார். அவள் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. அவளைத் தாண்டி நடந்து உபதேசியாரின் முன்னால் போய் நின்றார்.

"இவங்களுக்கு நான் அண்ணன்னு நீங்கதான சொன்னீங்க. ஒரு வருஷம் அந்தப் பதவியில இருந்து பாத்துட்டேன், எனக்கு அது ஒத்துவரல. இன்னையோட விட்டுடறேன். பிள்ளைக்கு நீங்க நில்லுங்க." மெழுகுவர்த்தியை அவர் கையில் திணித்தார். "புடிங்க மச்சான்."

சாமியார் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். உபதேசியார் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிள்ளையின் அப்பா, சீக்கிரம் வாங்க ஐயா, படியில் ஆள் நிற்கிறது என்று அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து ஞானம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். சைத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் சடங்குப்படி கேட்டபோது, விட்டுவிடுகிறேன் என்று சொன்ன அவர் குரல் கீழே கடைக்குக்கூடக் கேட்டிருக்கும்.

ஞானம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் மறைத்தது. கூடவே ஆத்திரமும் போகவில்லை. இந்த ஒரு வார்த்தையைப் போன வருஷமே சொல்லியிருந்தால் மூன்று ஓலையும் வாசித்து, கல்யாணம் முடிந்து, இந்நேரம் சமையல் யார் செய்வது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கலாமே!

பூசையில் நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் லிஃப்ட்காரர் சாமியாரிடம் பெயர்களைக் கொடுத்தார். வழக்கம்போல அறிவிப்பு வாசிக்க வேண்டியவர் உபதேசியார்தான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலாம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்ற இடத்தில் நிறுத்தினார். லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார், மெழுகுவர்த்தியைக் கையில் இறுக்கிக்கொண்டு, எவன் என் தங்கச்சி கல்யாணத்துக்குக் குறுக்கே வருகிறான் பார்க்கிறேன் என்கிற மாதிரி ஹாலை ஒவ்வொரு வரிசையாக முறைத்துப் பார்த்தார்.