எட்டடி தூரத்து வசந்தம்

படத்துணியில் இளஞ்சிவப்பை ஒற்றி வைத்துவிட்டுச் சிங்காரம் எட்டடி பின்னால் போனான். இடுப்பு பிடித்துக்கொண்டது. கிட்டே வெறும் பொட்டுகளாகக் கிடந்தது, அங்கிருந்து பார்த்தால் மரமாக நின்றது.

"பூ தெரியுதா?" கட்டிலில் படுத்தபடி வெள்ளைக்காரன் யான் கேட்டான். கோட்டையில் படம் எழுத ஒல்லாந்திலிருந்து வந்தவன். இருபத்தைந்து வயது. மூன்று வாரமாகக் குளிர்காய்ச்சல். தூரிகையைப் பிடித்தால் கை ஆடியது.

"தெரியுது தொர. எலதான் ஒண்ணுகூட இல்ல."

"எங்க ஊர்ல அப்படித்தான். வசந்தம் வந்தா முதல்ல பூ. அப்புறம்தான் இலை."

"இன்னா மரமோ."

சித்திரையில் சிங்காரத்துக்குத் தெரிந்தது ஏரி வற்றுவதும் சேறு வெடிப்பதும்தான்.

சாயம் அரைக்கத்தான் அவன் முதலில் கோட்டைக்கு வந்தான். அதற்கு முன் முப்பது வருடம், குந்தினால் கழுத்தைத் தொடும் தண்ணீரில் நகர்ந்து, சேற்றில் கையால் இறால் தடவியவன். பிடித்த இறாலைப் போடும் பறியின் கயிற்றைக் கடித்துக் கடித்து முன்பற்கள் தேய்ந்திருந்தன. விரலிடுக்குப் புண் ஆறவே இல்லை.

யானின் கை ஆடத் தொடங்கியதும் தூரிகை இவனிடம் வந்தது. "கோடு போடாதே. வெளிச்சத்தை மட்டும் வை" என்றான் யான். அது சிரமமாக இல்லை. அசையும் தண்ணீரில் வெளிச்சம் உடைவதைப் பார்த்தே பாதி ஆயுசு போயிருந்தது.

படம் கோட்டைத் துரையின் மனைவிக்கு. அவளுக்குப் பிடித்தால், கோட்டைக் கதவு சன்னல்களுக்குச் சாயம் பூசும் வேலையைச் சிங்காரத்துக்கே தருவதாகப் பேச்சு. காய்ந்த தரையில் நின்று செய்கிற வேலை.

"நீ கோட்டைக்குப் போய்ட்டா எனுக்கு இறாலு யாரு புடிச்சித் தருவா?" என்றாள் அவன் மனைவி வேலம்மா. அவள்தான் கூடையைச் சந்தைக்குச் சுமப்பவள்.

"தொரசானியக் கேளு."

"ஆமா, அவ வந்து சேத்துல குந்துவா."

படத்தில் புல்லும் ஆறும் பாக்கியிருக்கும்போது, சாயம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்தது. அடுத்த கப்பல் ஆவணியில்தான். யான் தூங்கிக்கொண்டிருந்தான். மச்சான் தோணிக்குப் பூச வைத்திருந்த மீன் எண்ணெயைச் சிங்காரம் ஒரு கலயம் கொண்டுவந்து சாயத்தைக் குழைத்தான். பலகையில் தண்ணீரையே அண்டவிடாத எண்ணெய். துணிக்குப் போதாதா? புல்லும் ஆறும் இரண்டு நாளில் முடிந்தன. காய்ச்சலில் யானுக்கு மூக்கு அடைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து துரைசானி வந்தாள். நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். ஏதோ சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க அம்மா வீட்டுப் பின்பக்கம் இதே மாதிரி இருக்குமாம்" என்றான் யான். போர்வையோடு சுவரில் சாய்ந்திருந்தான்.

சிங்காரம் அவளுக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றான்.

அவள் கிட்டே வந்தாள். கைக்குட்டை மூக்குக்குப் போனது. புல்வெளி முழுக்க ஈ. சில ஈக்கள் ஒட்டிக்கொண்டு இறக்கையை அடித்தன. அவள் பின்னாலேயே வந்த வெள்ளைப் பூனை, சட்டத்தில் முன்னங்கால்களை ஊன்றி ஆற்றை நக்கியது.

"என்ன எண்ணெய் ஊத்தின?" என்றான் யான்.

"மீன் எண்ண."

"நாத்தம் தாங்கலையாம். உனக்குத் தெரியலையா?"

சிங்காரம் கையை முகர்ந்தான். படத்துக்குப் பக்கத்தில் போய் முகர்ந்தான்.

"இல்ல தொர."

துரைசானி திரும்பி நடந்தாள். நிலைப்படியில் நின்று ஒருமுறை பார்த்தாள். பிறகு யானிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

"எடுத்து வெளியே வைக்கணுமாம்" என்றான் யான். "கதவு வேலைக்கு வேற ஆள் பாத்துக்குவாங்களாம்."

மறுநாள் திங்கட்கிழமை. மேகமாக இருந்தது. யானுக்குக் காய்ச்சல் திரும்பியது. படத்தைப் பண்டசாலைச் சுவரோரம் திருப்பி வைத்திருந்தார்கள். சிங்காரம் விடிந்ததும் பறியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனான். குந்தியதும் தண்ணீர் கழுத்துவரை வந்தது. உச்சிப்பொழுதுவரை தடவியதில் அரைப் பறி கிடைத்தது. வேலம்மா அதைக் கூடையில் கொட்டி, மேலே ஈரத்துணி போட்டு, சந்தைக்குக் கொண்டுபோனாள்.