ஏழுமலை மாமாவின் பக்கத்தில் யாரும் வேண்டாம்

மாமா இறந்த செய்தி எனக்கு ஒரு ஆர்டராகத்தான் வந்தது. மண்ணூர்பேட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஒன்பது வருடமாக டிசைனராக இருக்கிறேன். அன்று காலை வட்டச் செயலாளரின் ஆள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பி, கண்ணீர் அஞ்சலி, பத்துக்கு எட்டு, அர்ஜென்ட் என்று சொல்லியிருந்தான். திறந்தேன். என் அக்காவின் கணவர், ராணுவத்தில் நாயக்காக இருந்த ஏழுமலை. எல்லையில் தீவிரவாதிகளைத் தேடிப் போன இடத்தில் சுடப்பட்டிருந்தார். மேனாம்பேட்டில் அக்கா, போனைக் கையில் பிடித்தபடியே மயங்கிக் கிடந்தாளாம். எனக்குச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

மாமா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, பஜ்ஜியைத் தொடுவதற்கு முன்பே அப்பாவிடம் சொன்னார்: "வருஷத்துல ரெண்டு மாசந்தான் ஊட்ல இருப்பேன் நைனா. மீதி பத்து மாசத்துக்கு உங்க பொண்ணு கோச்சிக்காதுன்னா மேல பேசலாம்." அக்கா உள்ளே இருந்து சிரித்துவிட்டாள். அத்தோடு முடிந்தது பேச்சுவார்த்தை.

லீவில் வந்தால் சும்மா இருக்க மாட்டார். தெருவில் யார் வீட்டு மோட்டார் ரிப்பேர் என்றாலும் ஸ்பேனரோடு கிளம்பிவிடுவார். மதியத்தில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள், நல்ல போட்டோ இல்லாத ஒரு பெரியவரின் தலையைக் கோட்டு சூட்டு போட்ட உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தேன். "இன்னாமா இது, செத்தவருக்குக் கோட்டு மாட்டி உடறியே, அவரு கேட்டாரா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

போர் பற்றி அவர் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை. ஏதோ ஒரு தீவிரவாதத் தலைவனைக் கொன்றுவிட்டதாக டி.வி.யில் கத்திக்கொண்டிருந்தார்கள். மாமா எழுந்து போய் அதை அணைத்தார். "அவனைப் புடிக்கணும், அடிக்கணும், அது எங்க டியூட்டி. ஆனா அவன் போனா அவன் எடத்துல நாளைக்கே இன்னொர்த்தன் வந்து ஒக்காந்துக்குவான். எங்க செட்ல ஒர்த்தன் போனா அவன் ஊட்டுக்கு யார் வர்றது?" என்றார். பிறகு மகள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அந்த முதல் பேனரை நான் செய்யவில்லை. கை ஓடவில்லை. முதலாளியே உட்கார்ந்து, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு அதிகாரியின் உடம்பில் மாமாவின் தலையை வைத்தார். பத்து வருடம் உழைத்து வாங்கிய இரண்டு பட்டையைப் பிடுங்கிவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தது எங்கள் கடை. வட்டச் செயலாளரின் முகம் மாமாவின் முகத்தைவிட இரண்டு மடங்கு பெரியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

மூன்றாவது மாதம், மாமாவைக் கொன்ற கூட்டத்தின் தலைவனைக் கொன்றார்கள். எனக்கும் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றே அடுத்த ஆர்டர் வந்தது. இருபது பேனர். ஒரு பக்கம் மாமா, மறு பக்கம் அவன், இரண்டு முகமும் ஒரே அளவு. அவன் நெற்றியில் குண்டு பாய்ந்த ஓட்டை. மேலே 'பழி தீர்ந்தது'.

முடியாது என்றேன். முதலாளி முறைத்தார். நேரே வட்டச் செயலாளரிடம் போய், மாமா வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறது, தினமும் பேனர் கட்டுகிற வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறது, அப்பாவைக் கொன்றவன் மூஞ்சி அங்கே வேண்டாம் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். "மரியாதை பண்றோம்மா, அதையும் வேணாம்னா எப்படி?" என்றார் அவர்.

வேறு கடையில் அடித்து, மறுநாள் காலை அக்கா வீட்டுக்கு எதிரிலேயே கட்டிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பாப்பா யூனிஃபார்மோடு வெளியே வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் ஊர்ப் பேனரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் நண்பர்கள்தானே, பிள்ளை வேறு எப்படி நினைக்கும்?

"சித்தி, அப்பா பக்கத்துல பொட்டு வச்சிகினு கீறாரே, அவரு அப்பா ஃப்ரெண்டா?"

அக்கா அவள் முகத்தைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

நான் கைப்பையில் இருந்த கட்டரை எடுத்தேன். பக்கத்து வீட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வட்டச் செயலாளரின் ஆள் ஓடிவந்து கேஸ் போடுவோம் என்றான். போட்டுக்கொள் என்றேன். உங்களைக் கொன்றவன் முகத்தை மட்டும் அறுத்து எடுக்கத்தான் பார்த்தேன், மாமா. காற்றில் ஷீட் இழுத்துக்கொண்டு உங்கள் முகமும் சேர்ந்து கிழிந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.

பாப்பா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், அப்பாவின் ஃப்ரெண்டை ஏன் கிழித்தாய் என்று.