கடலில் போன நான்கு கிலோமீட்டர்

போன மாதம் ஒரு புதன்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு நான் வங்காள விரிகுடாவில் இருந்தேன். கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. அதுவும்... நடந்துகொண்டு!

நான் சொல்லவில்லை. என் வாட்ச் சொன்னது.

புதுச்சேரி பீச் ரோட்டில் வழக்கமான நடையை முடித்துவிட்டு, கருவடிக்குப்பம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுகிறேன். பிரான்சிலிருந்து மகள் போன்.

“அம்மா, எங்க இருக்க? மேப்ல கடலுக்குள்ள போய்க்கிட்டே இருந்தியே!”

“வீட்லதாண்டி இருக்கேன். காலே நனையல.”

முதல் நாள்தான் அந்த வாட்ச் தானாகவே ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டது. அதிலிருந்து இந்தக் கூத்து. வாட்ச்தானே, கழற்றி வைத்துவிட்டு நடப்பதுதானே என்கிறீர்களா? முடியாது. என் ஜூன் மாதம் அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். மகளும் மாப்பிள்ளையும் இருப்பது சின்ன ஃப்ளாட். ஊரிலிருந்து ஒரு சமயத்தில் ஒருவரைத்தான் கூப்பிட முடியும். நானா, இதே ஊரில் உப்பளம் பகுதியில் இருக்கும் சம்மந்தி லூர்து மேரியா? ஒருவருக்கு ஜூன், ஒருவருக்கு டிசம்பர். டிசம்பர் என்றால் பல் கிட்டும் குளிர். யார் மனசும் நோகாமல் முடிவு செய்ய, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாட்ச் அனுப்பினார் மாப்பிள்ளை. மாதக் கடைசியில் யார் அதிக தூரம் நடந்திருக்கிறாரோ, அவருக்கு ஜூன்! அம்மாக்களுக்கு உடம்பும் இளைக்கும். கெட்டிக்காரப் பிள்ளை.

கடலில் சுற்றியதைச் சேர்த்தால் நான் அன்று ஒரே நாளில் முப்பத்தெட்டு கிலோமீட்டர். மாப்பிள்ளை தள்ளுபடி செய்துவிட்டார்.

“கடல்ல நடந்தது செல்லாது அத்தை.”

நிஜமாகவே ரோட்டில் நடந்த நான்கு கிலோமீட்டரும் அதோடு போச்சு!

அடுத்து சம்மந்தி போன். “ஏன் சம்மந்தி, எங்க ஆண்டவருக்கு அப்புறம் தண்ணி மேல நடந்தது நீங்கதானாமே?” அந்தச் சிரிப்பு, போன் இல்லாமலே கருவடிக்குப்பம் வரை கேட்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை வைத்தியம் சொன்னார். வாட்ச்சை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும். பிறகு வெட்டவெளியில் நின்று கையை நீட்டி, சேட்டிலைட் கிடைக்கும்வரை ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும்.

மறுநாள் பீச் ரோட்டில் கடலைப் பார்த்துக் கையை நீட்டி நின்றேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. தொப்பை வைத்த ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, அவரும் கையை நீட்டினார்.

“ஷுகருக்கா மேடம்?”

பேசினால் கை ஆடுமே... நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பின்னால் இன்னும் நான்கு பேர். அதற்கும் பின்னால் காலேஜ் பெண்கள் ஒரு வரிசை. சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் வந்துவிட்டார்.

“என்னா இது, போராட்டமா? பர்மிஷன் வாங்கினீங்களா?”

“உறுதிமொழி எடுக்கிறோம் சார்,” என்றார் தொப்பைக்காரர்.

“என்னா உறுதிமொழி?”

“ப்ளாஸ்டிக்கா இருக்கும்,” என்றது பின்வரிசை.

போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரும் கையை நீட்டினார்!

வாட்ச் அதிர்ந்தது. சேட்டிலைட் கிடைத்துவிட்டது. நான் நைசாக நழுவினேன். அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

பலன்? பாதி தூரம் ரோடு, மீதி தூரம் மறுபடியும் கடல். மாப்பிள்ளையே கையை விரித்தார். “அப்டேட்லயே கோளாறு அத்தை. இந்த மாடல் வச்சிருக்கிற எல்லாருக்கும் இப்படித்தானாம்.”

எல்லாருக்குமா?

அப்படியானால் சம்மந்திக்கு? அதே மாடல். அதே அப்டேட். ஆனால் தினமும் ஐந்து கிலோமீட்டர் பிசகாமல் ஏறிக்கொண்டிருக்கிறதே! அவர் மட்டும் எப்படிக் கடலில் விழவில்லை? வெளியே போகிறவருக்குத்தானே வழி தவறும்?

சொல்லாமல் கொள்ளாமல் உப்பளம் போனேன். கதவு திறந்திருந்தது. டிவியில் சீரியல். நாற்காலியில் சம்மந்தி. வாட்ச் கட்டிய கை மட்டும் முன்னும் பின்னும் வீசி வீசி... நடந்துகொண்டிருந்தது! வீட்டுக்குள் நடப்பதாக வாட்ச்சில் மாற்றி வைத்திருக்கிறார். அதற்குச் சேட்டிலைட்டே வேண்டாம். கை ஆடினால் போதும்.

‘பிடிச்சேன்!’ என்று கத்தப் போனேன். அதற்குள் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. முட்டி இரண்டும் வீங்கியிருந்தன.

“பசங்ககிட்ட சொல்லிடாதீங்க சம்மந்தி. இந்த முட்டியோட பிளைட்டே ஏறக் கூடாதுன்னுடுவான். டிசம்பர் குளிரு எனக்குத் தாங்காது. இப்ப ஆட்டி ஆட்டித் தோள்பட்டையும் போச்சு.”

வந்த கோபம் எங்கே போனதோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷியையா இத்தனை நாளும் எதிரியாக நினைத்து வேகவேகமாக நடந்தேன்?

மறுநாளே அவரை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். வாட்ச்சைக் கழற்றி நானே வாங்கிக்கொண்டேன். புது அப்டேட் வந்து என் கடல் பயணமும் முடிந்தது. அன்றிலிருந்து மாதக் கடைசிவரை இடது கையில் என் வாட்ச், வலது கையில் சம்மந்தி வாட்ச்.

“ரெண்டு பேரும் சேந்தே நடக்கிறீங்களாம்மா? என்னா ஒத்துமை!” என்று மகள் போனில் நெகிழ்ந்தாள். நான் மூச்சு வாங்கியபடி ஆமாம் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரிசல்ட் வந்தது. நாற்காலியில் சேர்த்த கிலோமீட்டர் வீண்போகவில்லை. சம்மந்திக்கு ஜூன், எனக்கு டிசம்பர். இரண்டு பேருக்காகவும் நடந்த கால் என்னுடையது. தோற்றதும் நான்தான்.

பிரான்ஸ் குளிர் தாங்குகிற மாதிரி ஸ்வெட்டர் புதுச்சேரியில் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.