வேம்புலியம்மாள் கொடுத்த பால்

1936ஆம் ஆண்டு நவம்பர் 12, வியாழக்கிழமை. மழை முந்தின இரவே விட்டிருந்தது; எனினும் வானம் தாழ்ந்து கிடந்தது. அண்ணனூர் வயல்வெளியெங்கும் புழுக்கம். அன்று காலையில்தான், ஆட்டுக் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்த வேம்புலியம்மாளைத் தம் வீட்டுக்கு அழைத்துவரும்படி உலகநாதன் ஆள் அனுப்பினார்.

உலகநாதன், ஊரை ஒட்டியிருந்த தனியார் கால்நடைப் பண்ணையில் ஆராய்ச்சிப் பொறுப்பாளர். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால் என்ன நேர்கிறது என்பதைச் சில ஆண்டுகளாகக் கவனித்துவந்தவர். ஈன்றவுடன் நக்கவிடாமல் தூக்கிச் சென்ற குட்டியைப் பிறகு கொண்டுவந்து விட்டால், தாயாடு அதை முட்டித் தள்ளியது. தனியே அடைத்த குட்டிக்கு ஒரு மூலையில் பால்புட்டியும் எதிர்மூலையில் தாய் படுத்திருந்த சாக்கும் வைத்துப் பார்த்தார். குட்டி புட்டியில் குடித்துவிட்டுச் சாக்கின்மீதே போய்ப் படுத்தது. சாக்கையும் எடுத்துவிட்டால் ஓயாமல் கத்தியது. கத்தி ஓய்ந்த குட்டிகள் பிறகு புட்டியையும் தொடவில்லை. அவையே முதலில் செத்தன. இவற்றைத் தெளிவான நடையில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பி, அவர் பாராட்டும் பெற்றிருந்தார்.

அவருடைய மனைவி ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு அந்த வாரம் இறந்துபோனாள். சங்கில் புகட்டிய பசும்பாலைக் குழந்தை கக்கிற்று. வேம்புலியம்மாளுக்கோ நான்கு மாத மகன் இருந்தான், பெயர் சின்னப்பையன். அவள் கணவன் வீராசாமி அதே பண்ணையில் மாடுகளைப் பார்த்துக்கொள்பவன். அவர்கள் குடியிருந்த குடிசையும் பண்ணைக்கே சொந்தம். ஆகவே அவளுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. பால் பங்குபோனால் இரண்டு பிள்ளைகளும் நோஞ்சானாகிவிடும் என்று உலகநாதன் முடிவாகச் சொல்லிவிட்டார். சின்னப்பையனை வானகரத்தில் வீராசாமியின் தங்கை நாகவல்லியிடம் கொண்டுபோய் விட்டார்கள். உலகநாதனின் குழந்தை சோறு தின்னத் தொடங்கியதும் மகனை அழைத்துக்கொள்ளலாம் என்பது பேச்சு. அதுவரை அவன் தாங்க வேண்டும். வேம்புலியம்மாளுக்கு வேறு நினைப்பில்லை.

அவள் மார்பு கல்லாய்க் கனத்தது. ஆனால் அந்தக் குழந்தை வாய் வைத்தால் பால் இறங்கவில்லை. உலகநாதன் கவலைப்பட்டார். வழி சொன்னவன் வீராசாமி. கொரட்டூர்ப் பக்கத்துப் பால்காரர்கள், கன்று செத்துப்போனால் அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, பசுவின் முன் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். வீராசாமியும் அப்படிக் கறந்து பழகியவன்.

“மாட்டுக்கு வெக்கோல் கன்னுக்குட்டி காட்டிக் கறக்கறோம் இல்ல சாமி? அத்த மாரிதான் இதுவும். எம்புள்ள துணிய கொண்ணாந்து பாப்பாவுக்குச் சுத்துனா, பாலு தானா எறங்கும்.”

இறங்கியது. வாரந்தோறும் அவன் வானகரத்துக்கு நடந்து போய், மகன் கிடந்த துணியைத் துவைக்காமல் வாங்கிவந்தான். அதில் சுற்றிய குழந்தையை வேம்புலியம்மாள் முகத்தோடு அணைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பண்ணைக் காவலாளி துலுக்கானத்துக்கு இது நல்ல வேடிக்கையாகிவிட்டது.

“இன்னா மாமே, ஊட்லயும் ஒரு கறவ கட்டிட்ட. தீனி கீனி சரியா வெக்கிறாங்களா?”

வீராசாமியும் சேர்ந்து சிரித்தான்.

வானகரத்தில் சின்னப்பையன் முதலில் நாளெல்லாம் வீறிட்டான். நாகவல்லி தன் இரண்டு பிள்ளைகளோடு இவனையும் வைத்துக்கொண்டு நடவுக்குப் போய்வந்தாள். பின்னர் அவன் அழுகை நின்றது. கஞ்சியை வாயருகே கொண்டுசென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிள்ளை பழகிவிட்டது என்று அவள் நினைத்தாள். வீராசாமியும் மகிழ்ச்சியோடு வந்து அதை உலகநாதனிடம் சொன்னான்.

“கஞ்சி குடிக்கிறானா?” என்று கேட்டார் அவர்.

“கொஞ்சந்தான் சாமி. ஆனா அழுவறதே இல்ல. தங்கமா கெடக்கறான்.”

அழாமல் கிடப்பதன் பொருள் அந்தப் பண்ணையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பிள்ளையைக் கொண்டுவா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உள்ளே அவருடைய மகள் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லது” என்றார்.

தை பிறந்த வாரத்தில் சின்னப்பையன் இறந்தான். ஏரிக்கரையில் புதைத்தார்கள். இப்போது சொன்னால் பால் வற்றிவிடும் என்று உலகநாதன் எச்சரித்தார். எனவே வீராசாமி தாய்க்குச் சொல்லவில்லை. நாகவல்லியின் இளைய மகனுடைய துணியை வாங்கிவந்து கொடுத்தான்.

வேம்புலியம்மாள் அதை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, துணியோடு கொல்லைக்கு வந்தாள். வீராசாமி அங்கே விறகு பிளந்துகொண்டிருந்தான்.

“இது எம்புள்ள துணி இல்ல.”

“நாகு தொவச்சிக் குடுத்திருப்பா.”

“தொவைக்கல. வேற புள்ள நாத்தம் அடிக்கிது. அவன் எங்க?”

வீராசாமி கோடரியைக் கீழே வைத்தான். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் உலகநாதன் பின்வாசற்படிக்கு வந்து நின்றார். இருவரையும் பார்த்தார். நடந்தது அவருக்குப் புரிந்தது.

“குழந்தை அழுகிறது” என்றார்.

மறுநாள் வானகரம் போய்வர அவளுக்கு அரைப்பொழுது கிடைத்தது. நாகவல்லி அவளை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று மண்மேட்டைக் காட்டினாள். தன்மேல் பழி வந்துவிடுமோ என்ற அச்சத்தில், தன் பிள்ளைகளுக்கு முன்னால் இவனுக்குத்தான் ஊட்டியதாகப் பலமுறை சொன்னாள். வேம்புலியம்மாள் எதையும் மறுக்கவில்லை. அது நாகவல்லிக்குப் பொறுக்கவில்லை.

“தெரிஞ்சப்புறமும் அந்தப் புள்ளைக்கிப் பாலு குடுத்தியா அண்ணி?”

“குடுத்தேன். அழுதுச்சி, குடுத்தேன்.”