தாத்தா கீழ்த்தளத்தில் காத்திருக்கிறார்

அந்தப் பெரிய கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லாருக்கும் அவள் குரல் தெரியும். முகம் யாருக்கும் தெரியாது. நகரும் படிகளுக்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில், மைக்கின் முன் உட்கார்ந்திருப்பாள். தொலைந்த குழந்தைக்கு அம்மாவைத் தேடித் தருவது, வழியை அடைத்து நிற்கும் காருக்கு ஆளைக் கூப்பிடுவது, சோப்புக்குத் தள்ளுபடி என்று தேனொழுகச் சொல்வது, இவைதான் அவள் வேலை. கடை ஆட்கள் அவளை ‘மைக்கக்கா’ என்பார்கள்.

குரலைக் கேட்டால் சிங்கத்தையே மேய்க்கிறவள் என்று தோன்றும். உண்மையில் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று கணிக்கக் கற்றவள். பல்லி, நாய், பதிவுத் தபால், மேலதிகாரி, எதைக் கண்டாலும் ஒரே மாதிரிதான் பயப்படுவாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்ததை வாசிக்கும்போது மட்டும் குரல் நடுங்காது. சொல் வேறு யாருடையதோ, பழியும் அவர்களுடையது.

அந்த டிசம்பரில் புதிதாக ஒரு பயம் சேர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் தேவாலயத்தில் நடக்கும் பிறப்பு நாடகத்தில் தேவதூதன் வேடம் அவள் தலையில் விழுந்தது. “மைக்ல பேசுறவதானேம்மா நீ,” என்று பாதிரியார் சுலபமாகச் சொல்லிவிட்டார். வயலில் கண்விழித்து ஆடு காக்கிறவர்களைப் பார்த்து அவள் சொல்ல வேண்டிய முதல் சொல், ‘பயப்படாதீங்க’. ஒத்திகையில் அந்தச் சொல் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது.

ஒத்திகையைப் பார்த்த, பஸ் ஓட்டுநரான அவள் கணவன் வீட்டுக்கு வந்தும் விடவில்லை. “பாவம்டி அந்த ஆட்டுக்காரங்க. நீ வந்து நின்னாத்தான் அவங்களுக்குப் பயமே பிடிக்கும். கைகால் உதறிக்கிட்டே பயப்படாதேன்னு சொல்ற தேவதூதனை நான் இப்பத்தான் பாக்குறேன்.”

“நீங்க சும்மா இருங்க. உங்க பஸ்ஸோட பிரேக்குக்கு என் குரல் எவ்வளவோ பரவாயில்ல.”

கடையில் இருந்த பயம் பழையது. அதன் பெயர் மேலாளர். வார்த்தைக்கு வார்த்தை ‘சீசன், சீசன்’ என்பதால் அவருக்கு ‘சீசன் சார்’ என்றே பெயர். மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் அறிவிப்பின் முடிவில் அவள் தன்னையறியாமல், “அனைவருக்கும் கிறிஸ்து பிறந்தநாள் வாழ்த்துக்கள்” என்று சேர்த்துவிட்டாள். அடுத்த நிமிஷம் கண்ணாடிக் கதவு திறந்தது.

“யாரும்மா அது கிறிஸ்து? நம்ம கடையில வேலை பாக்குறாரா?”

“இல்ல சார்... அவர் பிறந்தநாள்தானே சார் இது...”

“இங்க எல்லா மதத்துக்காரங்களும் வர்றாங்க. மதச்சார்பின்மைன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கியா? சீசன் வாழ்த்துக்கள். அதோட நிறுத்தணும். இன்னொரு தடவை எழுதிக் கொடுத்ததுக்கு மேல ஒரு வார்த்தை வந்துது, அப்புறம் வீட்டுல உக்காந்து உன் புருஷன்கிட்ட பேசிக்கோ.”

எந்தச் சாமியும் அடுத்தவன் கழுத்தில் உட்காரக் கூடாது என்று அறிவுள்ளவர்கள் அடிபட்டும் சிறைபட்டும் வாங்கித் தந்த சொல் மதச்சார்பின்மை. சீசன் சார் அதைக் கை துடைக்கும் துணியாக்கிவிட்டார். கடவுள் உண்டா இல்லையா என்பது வேறு வழக்கு. அதை வாதாடித் தீர்க்கலாம். இங்கே நடந்தது வழக்கே இல்லை. இடம் கிடைக்காமல் மாட்டுத் தொழுவத்தில் பிறந்த ஏழைப் பிள்ளையின் கதையால் கல்லாப்பெட்டிக்குப் பத்துக் காசு லாபமில்லை. அதனால் பிள்ளையை வெளியே தள்ளிவிட்டு, பஞ்சுத் தாடிக்காரரை உள்ளே கூட்டிவந்தார்கள். இதற்குப் பகுத்தறிவு என்று பெயர் வைத்தால் பகுத்தறிவு மானநஷ்ட வழக்குப் போடும்.

சீசன் சார் செய்தவை இன்னும் இரண்டு உண்டு. கூட்டத்தில் சரக்கு நழுவிவிடும் என்று பின்வாசலைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டார். அடுத்தது, ரகசிய வாக்கியத்தை மாற்றினார். கடைகளில் இது வழக்கம். எங்காவது தீயோ புகையோ என்றால், வந்தவர்கள் மிரளாமல் கடை ஆட்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஒன்றைச் சொல்வார்கள். அங்கே பல வருஷமாக இருந்தது, ‘பச்சைக் குடையைத் தவறவிட்டவர் கீழ்த்தளத்துக்கு வரவும்’. ஒத்திகைகளில் யாராவது ஒரு பெரியவர் உண்மையாகவே வந்து, “என் குடை எங்கேப்பா?” என்று சண்டை பிடிப்பார். அதைத் தவிர அதனால் ஒரு தொல்லையும் இருந்ததில்லை.

“சீசனுக்குப் பொருத்தமா இருக்கட்டும்,” என்று சீசன் சார் புதிதாக எழுதிக் கொடுத்தார்: ‘கிறிஸ்துமஸ் தாத்தா கீழ்த்தளத்தில் காத்திருக்கிறார்.’

வாசித்ததும் அவளுக்கு எங்கோ சுருக்கென்றது. என்னவென்று யோசிக்கக்கூட பயந்து தலையாட்டினாள்.

நாடகத்தன்று மதியம். கடையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். உள்தொலைபேசி அடித்தது; கீழ்த்தளக் கிடங்குக்காரர்.

“அக்கா, புகைக்கா! அட்டைப்பெட்டிக்குப் பின்னால இருந்து வருது. சீக்கிரம் சொல்லுங்க!”

கை பழக்கத்தில் பொத்தானை அழுத்தியது. தேனொழுகும் குரலில் வாக்கியம் கடை முழுக்கப் போயிற்று.

முதலில் கேட்டது ஒரு கூச்சல். சந்தோஷக் கூச்சல். மூன்று மாடிப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் போட்டது. அவள் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தாள். அம்மாக்களின் கையை இழுத்துக்கொண்டு, பலூன்களோடு, பிள்ளைகள் கீழே இறங்கும் படிகளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போன சிலர் அதற்குள் கீழ்த்தள வாசலுக்குள் மறைந்துவிட்டார்கள். அன்றைக்குச் சுருக்கென்றது என்னவென்று அவளுக்கு இப்போது விளங்கியது. காதுக்குள் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு சீசன் சார் வந்தார்.

“ஒண்ணுமில்ல, நம்ம பசங்க அணைச்சிடுவாங்க. நீ தள்ளுபடியை வாசி.”

“சார், குழந்தைங்க கீழ போகுதுங்க சார்!”

“போய்ப் பாத்துட்டு, தாத்தா இல்லேன்னா தானா திரும்பி வருங்க. நெருப்புன்னு மட்டும் வாயத் திறந்தே, ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சே செத்துடுவாங்க. அந்தப் பாவம் உன் தலையிலதான்.”

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் பயங்கரம். சொல்லாவிட்டால் புகை. சொன்னால் நெரிசல். மிரண்டு நிற்கும் ஏழை ஜனங்களிடம், அவர்கள் சிதறி ஓடாதபடி ஒரு பெரிய செய்தியைச் சொல்வது எப்படி? தொண்டையில் நின்ற முள் அசைந்தது. பொத்தானை அழுத்தினாள்.

“பயப்படாதீங்க.”

அந்த மைக்கில் அவள் குரல் நடுங்கியது அதுவே முதல் தடவை. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, தேன் குரலுக்குக் காது கொடுக்காதவர்கள்கூட நின்று தலையைத் தூக்கினார்கள்.

“பயப்படாதீங்க. நானும் உங்களோட உள்ளதான் இருக்கேன். கீழ்த்தளத்துல தாத்தா இல்ல. புகை இருக்கு. யாரும் இறங்காதீங்க. ஓடாதீங்க, பிள்ளைங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நடங்க. கீழ இருக்கிற அண்ணா, உள்ள வந்த பிள்ளைங்களை மேல அனுப்புங்க. முன்பக்கம் நிக்கிறவங்க முன்வாசலுக்குப் போங்க. மத்தவங்க பின்வாசலுக்கு வாங்க.”

மூச்சு வாங்கினாள். சீசன் சாரின் கை மைக்கை நோக்கி வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“பின்வாசல் பூட்டியிருக்கு. சாவி எங்க மேலாளர் இடுப்புல இருக்கு. அவர் என் பக்கத்துலதான் நிக்கிறார். இதோ, திறக்க வர்றார்.”

கீழே நின்ற அத்தனை முகங்களும் கண்ணாடி அறையை அண்ணாந்து பார்த்தன. சீசன் சாரின் கை அந்தரத்தில் நின்றது. அடுத்த கணம், சாவிக்கொத்து குலுங்க அவர் படியிறங்கி ஓடினார். அந்த மனிதர் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை.

அவள் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கிடங்குக்காரர் முகமெல்லாம் கரியாக, கையில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்ததைக் கண்ட பிறகுதான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அவர் இருமி இருமி ஆஸ்பத்திரிக்குப் போனார், பிழைத்துக்கொண்டார். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தெருவில் எல்லார் முன்னாலும் சீசன் சார் சொன்னார்: “எழுதிக் கொடுக்காததைப் பேசினே. நாளையிலேருந்து வராதே.”

“நாளைக்கு கிறிஸ்துமஸ் சார்,” என்றாள் அவள், பல் கிடுகிடுக்க. “கடை லீவு.”

சாயங்காலம் வெள்ளை அங்கிக்குள் அதே நடுக்கம் இருந்தது. வேலை போய்விட்டது, வீட்டு வாடகை என்ன ஆகும் என்ற கலக்கமும் கூடவே. ஆட்டுக்காரர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் கிடந்தார்கள். முன்னால் போய் நின்றாள். சொன்னாள்.

திரைக்குப் பின்னால் கணவன் காத்திருந்தான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

“நடுங்கிச்சுடி.”

“தெரியும்.”

“கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு.”