பதினேழாம் எண்ணில் என் அப்பா

ஹேவ்லாக் தீவின் கிணறுகளில் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று ஆராய்வதுகூட சுலபமாக இருந்தது. அதை ஆய்வேடாக எழுதி, மேற்கோள்களுக்கு எண் போட்டு, கடைசியில் நூற்பட்டியல் சேர்ப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

கையால் எண் போடக் கூடாது என்பது மெயின்லேண்டில் இருக்கும் என் நெறியாளரின் கட்டளை. அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. நூல் விவரங்களைத் தனிக் கோப்பில் வைத்துவிட்டால் எண்ணையும் அதுவே போடும், பட்டியலையும் அதுவே அடுக்கும் என்றார்கள். முதல் முறை ஓட்டியபோது எண் வரவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி. ஆவணத்தை ஓட்டி, பட்டியலை ஓட்டி, மறுபடி ஆவணத்தை ஓட்டி, அதற்குமேல் இன்னொரு முறையும் ஓட்ட வேண்டுமாம். இவ்வளவு புத்தியுள்ள மென்பொருள் அதைத் தானே செய்துகொண்டால் என்ன? யாரையாவது கேட்கலாம் என்றால், நாங்கள் இருக்கும் ஷாதிபூரில் தூறல் போட்டாலே நெட் போய்விடும்.

ஒருவழியாக எண்கள் வந்தன. பட்டியலில் பதினேழாவதைப் பார்த்ததும்தான் நிஜமாகவே கோபம் வந்தது. அது நான் எழுதிய கட்டுரை. என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி ஒரு புள்ளியோடு நிற்கிறது. பக்கத்தில் முழுசாக என் அப்பாவின் பெயர்.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியபோதே ஆரம்பித்த வம்பு இது. இதழின் இணையப் படிவம் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலைப் போட்டேன், ஒரே எழுத்தை ஏற்க மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரை எழுதினேன். இப்போது மென்பொருளும் அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு என்னைச் சுருக்கிவிட்டது.

நெறியாளருக்குப் போன் செய்தேன். “விடும்மா, இதழ்லயும் அப்படித்தானே வந்திருக்கு? நூற்பட்டியலை யார் படிக்கப்போறாங்க?” என்றார்.

அப்பா படித்தார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர். மேசையில் இருந்த பிரிண்ட் அவுட்டை எடுத்துக் கிணறுகளையெல்லாம் வேகமாகத் தள்ளிக்கொண்டு போய், பட்டியலில் நின்றார். கல்யாண வயசில் இந்தப் படிப்பு எதற்கு என்று வருஷக்கணக்கில் நச்சரித்தவர், உடனே லம்பா லைன் பகுதியில் இருக்கும் நண்பருக்குப் போன் போட்டார்.

“அரே தோஸ்த், பொண்ணு தீசிஸ்ல நம்ம பேரு வந்திருக்குப்பா. நம்பர் போட்டு, முழுப் பேரு. ஆமா, மெயின்லேண்ட் யுனிவர்சிட்டிக்குத்தான் போகுது.”

அவர் போனை வைத்ததும், “என் பேரு எங்கப்பா?” என்று கேட்டேன்.

“அதான் முன்னாடி ஒரு எழுத்து இருக்கே. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அரே, அது போதும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படகில் வாந்தி எடுத்தது நான். வேகாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, பாட்டிலில் தண்ணீர் பிடித்தது நான். ஒரு எழுத்து போதுமாம்.

நெட் வந்ததும் தேடினேன். பெயரைச் சுற்றி இன்னொரு அடைப்புக்குறி போட்டால் மென்பொருள் அதில் கை வைக்காது என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். போட்டேன். அப்பாவுக்கு இனிஷியல், எனக்கு முழுப் பெயர், பள்ளிக்கூடத்தில் இருந்ததுபோலவே. நெறியாளர் கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம். அலுத்துக்கொண்டே எல்லாவற்றையும் மறுபடி ஓட்டி, புதுப் பிரதியை மேசையில் வைத்தேன்.

அப்பா பட்டியலில் விரலை ஓட்டினார். “நம்ம பேரைக் காணோமேம்மா?”

“என் பேருக்கு முன்னாடி இருக்கு பாருங்கப்பா.”

“இந்த ஒரு எழுத்தா?” என்றார். கேலி இல்லை, நிஜமாகவே அவருக்கு வலித்திருந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் அதை மாற்றவில்லை.